பஞ்சாலையின் பெரட்டு

தோசை ஆறிக்கொண்டிருந்தது, அர்ச்சுனன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கையில் பூதக்கண்ணாடி, வலது கையில் சிவப்புப் பேனா, மேசை முழுக்க அச்சகத்திலிருந்து வந்த திருத்தத் தாள்கள். எண்பத்து நான்கு வயதில் ஒரு மனிதருக்கு இதைவிட என்ன கொடுப்பினை வேண்டும்? ஐம்பத்தேழு வருடங்களுக்கு முன்னால் அவர் எழுதி, தானே காசு போட்டு அச்சடித்த புத்தகம் இப்போது கெட்டி அட்டையும் தங்க எழுத்துமாக மறுபடி வரப்போகிறது. எல்லாம் மகன் புனிதனின் ஏற்பாடு. திங்கட்கிழமை காலையில் அச்சு ஓட ஆரம்பித்துவிடும். இன்று சனிக்கிழமை. "ஒரு பார்வ பாத்துட்டு ஓகேன்னு மெசேஜ் போடுங்கப்பா, போதும்லா" என்று நேற்றே சொல்லிவிட்டான். முதல் இரண்டு அத்தியாயங்களை அரை மணி நேரத்தில் முடித்தவர், மூன்றாவதில் வந்து நின்றவர் நின்றதுதான்.

"பசியாறுங்கப்பா. தோச ரப்பராட்டம் ஆயிருச்சு" என்றாள் திலகா. சிரம்பான் பக்கம் பாரோயில் இருக்கும் இந்த வீடு அவளுடையது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டிவிட்டு ஓய்வு பெற்றவள். இப்போது அதட்டுவதற்கு அப்பா ஒருவர்தான் மிச்சம்.

அர்ச்சுனன் கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டு வாசலில் நின்ற காரைக் காட்டினார்.

"காடிய எடும்மா. தோட்டத்துக்குப் போவணும்."

"எந்தத் தோட்டம்?"

"நம்ம மூங்கில் தோட்டம்தான்."

திலகா கரண்டியும் கையுமாக நின்றாள். அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. அப்பா அந்தத் தோட்டத்தைப் பற்றிப் பேசாத நாள் ஒன்று அவள் நினைவில் இல்லை. அங்கே போன நாளும் ஒன்றுகூட இல்லை. ரந்தாவ் பக்கம், வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம்கூட ஆகாது. கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் மாலை வாங்கிக்கொண்டவர், பிறந்த மண்ணுக்கு மட்டும் வருடா வருடம் ஆடித் திருவிழாவில் கோயில் விளக்குக்கு ஒரு தகரம் எண்ணெயை அனுப்பிவைத்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துகொள்வார். கேட்டால் முட்டி வலி என்பார். முட்டி வலி வருவதற்கு முப்பது வருடம் முன்னாலும் அதையேதான் சொன்னார்.

அர்ச்சுனனின் கதை நெகிரி செம்பிலானில் பழைய ஆட்களுக்குத் தெரிந்த கதைதான். அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். அவரும் இருபத்தொரு வயது வரை பால் வெட்டினார். பிறகு ஒரு நாள், தோட்டத்து மருந்தகத்தில் தூக்கிப் போடும் இருமல் மருந்துப் பாட்டில்களைப் பொறுக்கிக் கழுவி, அதில் மரிக்கொழுந்து வாசம் போட்ட தேங்காயெண்ணெயை ஊற்றி, ஒரு பழைய சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினார். முதல் மாதம் விற்றதைவிட உடைந்தது அதிகம். தெமியாங்கில் ஒரு கடைக்கு மேல் மாடியில் அறை எடுத்துத் தங்கி, தோட்டம் தோட்டமாகச் சுற்றினார். மூன்றாம் வருடம் அந்தக் கடையே அவருடையதாயிற்று. பிறகு வேன், பிறகு ஆலை. இன்று செண்டாயானில் புனிதன் நடத்தும் தொழிற்சாலையில் பாட்டில்கள் தாமாகவே நகர்ந்து வந்து, தாமாகவே மூடி போட்டுக்கொண்டு போகின்றன.

நடுவில்தான் அந்தப் புத்தகம். பெயர், 'பால்மரத்திலிருந்து பங்களாவுக்கு'. அதை எழுதியபோது அவருக்குப் பங்களா கிடையாது. ஓட்டை விழுந்த மேல்மாடி அறையும் கைப்பிள்ளை திலகாவும்தான். அந்தத் தைரியத்தை இப்போது நினைத்தாலும் அவருக்குச் சிரிப்பு வரும். 'தூக்கத்தை விற்றுவிடு' என்று ஓர் அத்தியாயம். 'கடையைத் திறக்குமுன் வாயைத் திற' என்று இன்னொன்று. எண்ணெய் வேனிலேயே புத்தகமும் போயிற்று. முடி திருத்தும் கடைகளில், கள்ளுக்கடைகளில், லயத்து வரிசை வீடுகளின் வாசல்களில் எழுத்துத் தெரிந்த ஒருவர் படிக்கச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். கல்யாணத்துக்குக் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் கொடுத்தார்கள். நன்றி சொல்லி வந்த கடிதங்களை அர்ச்சுனன் இன்னும் பிஸ்கட் டின்களில் போட்டு வைத்திருக்கிறார். எழுதியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை.

அந்தப் புத்தகத்தின் உயிரே மூன்றாம் அத்தியாயம்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். 'உன் பெரட்டை நீயே எடு.' தோட்டத்தில் விடியுமுன் ஆட்கள் எல்லாரும் திடலில் வந்து வரிசையாக நிற்க வேண்டும். பக்கத்தில் வேலை வாங்கும் தண்டல் நிற்க, கணக்கெழுதும் கிராணி விளக்கைப் பிடித்துக்கொண்டு பெயர் படிப்பார். 'இருக்கேன்' என்று குரல் கொடுத்தால் அன்றைக்கு வேலை. அதற்குப் பெயர் பெரட்டு. அர்ச்சுனன் எழுதியிருந்தார்: 'இதுவரை கிராணி உன் பெயரைக் கூப்பிட்டான். நாளை முதல் நீயே கூப்பிடு. விடியலில் எழுந்து நின்று உன் பெயரை உரக்கச் சொல். இருக்கேன் என்று நீயே பதில் சொல். அப்போது உன் உடம்பு நடுங்கும். அது நம்பிக்கை பிறக்கிற நடுக்கம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் பால்மரத்தடியில் தானாகத் தோன்றியது.'

இதை வைத்துத்தான் புனிதன் இப்போது சிரம்பானில் ஹோட்டல் மண்டபம் எடுத்து முகாம் நடத்துகிறான். எண்ணெய் விற்கிற கம்பெனி நம்பிக்கையும் விற்கிறது. இருநூறு பேர் எழுந்து நின்று அவரவர் பெயரை அவரவர் கத்துவார்கள். கண்ணாடி ஜன்னல் அதிரும். எண்ணெய்ப் பாட்டிலிலும் 'உன் பெரட்டை நீயே எடு' என்று பச்சை எழுத்தில் ஒட்டியாகிவிட்டது. போன மாதம் அர்ச்சுனனைக் கூட்டிப்போய் மேடையில் உட்காரவைத்தார்கள். எல்லோரும் கத்தி முடித்ததும் ஒரு பெண் ஓடிவந்து காலில் விழுந்து அழுதாள். அன்றிலிருந்துதான் அவருக்குச் சரியாகத் தூக்கமில்லை.

ஏனென்றால் 'தானாகத் தோன்றியது' என்ற அந்தக் கடைசி வரி பொய்.

திலகா ஓட்டிய கார் செனவாங்கைத் தாண்டியது. அர்ச்சுனன் திருத்தத் தாளைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார்.

"பஞ்சாலைன்னு ஒரு அக்கா. என்னய விட அஞ்சு வயசு மூப்பு. பெரட்டுல எனக்கு முன் வரிசையில நிப்பாங்க. கிராணி எல்லாரு பேரும் கூப்பிடுவான், அவங்க பேர மட்டும் கூப்பிட மாட்டான். அவன் புஸ்தகத்த மூடுறப்ப, அவங்க தானே 'பஞ்சாலை'ன்னு கத்துவாங்க. தானே 'இருக்கேன்'னு சொல்வாங்க. தெனமும். ஆளுங்க சிரிப்பாங்க. மைக்குசெட்டுன்னு பேரு."

"பாவம்பா. யாரு வச்ச பேரு அது?"

அர்ச்சுனன் தாளை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். "நான்தான்."

செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. திலகா அதை முந்தாமல் அதன் பின்னாலேயே போனாள்.

"தெமியாங்குல தனியா கெடந்தப்ப, ஒரு நா விடியக்காலையில எழுந்திரிக்கவே முடியல. எல்லாம் ஒடஞ்சு போச்சு, திரும்பிப் பால் வெட்டவே போயிரலாம்னு படுத்திருந்தேன். அப்ப அந்த அக்கா கொரல் காதுல கேட்டுச்சு. சும்மா நானும் என் பேரக் கூப்பிட்டுப் பாத்தேன். எழுந்துட்டேன்மா. அது நெசம். ஆனா எழுதுறப்ப, ஒரு பொம்பள கிட்டேருந்து கத்துக்கிட்டேன்னு எழுத வெக்கமா இருந்துச்சு. அதுவும் நான் கேலி பண்ண பொம்பள. எனக்கே தோணுச்சுன்னு எழுதிட்டேன். அதுக்கப்பறம் எந்த மூஞ்சிய வச்சுகிட்டு அங்க போறது?"

"எனக்கு அஞ்சு வயசுலேருந்து காலையில நிக்க வச்சுக் கத்தச் சொன்னீங்களே, அது அவங்களோடதா?"

"ஆமா."

"இத்தன வருசமும் அவங்க உயிரோட இருந்தாங்களா?"

"இருக்காங்க. வருசா வருசம் திருவிழா நோட்டீஸ்ல பேரு வரும். அதத்தான் மொதல்ல தேடிப் பாப்பேன்."

திலகாவுக்குக் கோபம் வந்தது. கூடவே, நோட்டீஸில் ஒரு பெயரைத் தேடி விரலை நகர்த்தும் அப்பாவை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. லாரியை முந்திக்கொண்டு வேகத்தைக் கூட்டினாள்.

தோட்டத்தில் பால்மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. கோயில் மட்டும் புதுக் கோபுரத்தோடு பளிச்சென்று நின்றது. அதன் பின்னால் ஒரே ஒரு வரிசை வீடுகள். பாதியில் பங்களாதேஷ் ஆட்கள் தங்கியிருந்தார்கள், கொடியெல்லாம் கைலிகள். கடைசி வீட்டு வாசலில் ஒரு பெரியவர் மோட்டார் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பஞ்சாலையின் மகன் தர்மராஜ். அறுபத்து நான்கு வயது. டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். அர்ச்சுனன் தன் பெயரைச் சொன்னதும் அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்ற விதத்தைப் பார்த்து, திட்டு வாங்கத் தயாராக வந்தவருக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது.

"எண்ணெய்க்கார ஐயாவா? வாங்க, வாங்க. அம்மா உள்ளதான் இருக்காங்க. காது மட்டும் சுத்தமா கேக்காது. கத்திப் பேசணும்."

பஞ்சாலை டிவிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் முருங்கைக் கீரையை வைத்து ஆய்ந்துகொண்டிருந்தாள். டிவியில் சத்தமே இல்லை. யாரோ ஒரு பெண் வாயைத் திறந்து திறந்து அழுதுகொண்டிருந்தாள். "சத்தம் வச்சாலும் கேக்காது. அழுறது தெரிஞ்சா போதும்ங்கிறாங்க" என்று தர்மராஜ் சொல்லிவிட்டுப் பாலில்லாத தே ஓ தேநீர் போட உள்ளே போனார். எண்பத்தொன்பது வயதில் பஞ்சாலை சிறுத்துப் போயிருந்தாள், ஆனால் முதுகு அப்படியே நேராக இருந்தது. அந்த முதுகுதான் அர்ச்சுனனுக்கு அடையாளம் தெரிந்தது. ஒரு வருடம் அதற்குப் பின்னால்தானே நின்றார்.

"அக்கா, நான் அர்ச்சுனன்."

"ஆங்?"

"அர்ச்சுனன்க்கா! சடையன் மவன்!"

பஞ்சாலை கண்ணைச் சுருக்கி அவரைப் பார்த்தாள். கீரையை மடியிலிருந்து தட்டிலே கொட்டினாள். "வந்துட்டியாப்பா" என்றாள், நேற்று வருவதாகச் சொல்லி இன்று வந்தவனிடம் கேட்பதைப் போல.

அர்ச்சுனன் காரில் வரும் வழியெல்லாம் சொற்களை அடுக்கி வைத்திருந்தார். மெல்லிய குரலில், தலையைக் குனிந்து சொல்ல வேண்டிய சொற்கள். ஒன்றும் உதவவில்லை. மெல்லச் சொன்னதெல்லாம் அவளுடைய 'ஆங்?' மேல் பட்டுத் திரும்பி வந்தது. கடைசியில் எழுந்து நின்று, கையிலிருந்த தாளை ஆட்டி ஆட்டி, மேடையில்கூடக் கத்தாத குரலில் கத்தினார்.

"அக்கா! நீங்க பெரட்டுல ஒங்க பேரக் கூப்பிட்டத, நான் செஞ்சதா எழுதிட்டேன்! புஸ்தகத்துல! ஒங்கள்ட்டேருந்து திருடிட்டேன்க்கா!"

அடுத்த வீட்டில் ரேடியோ நின்றது. பங்களாதேஷ் பையன்கள் இரண்டு பேர் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். திலகா தரையைப் பார்த்தாள். ஐம்பத்தேழு வருடம் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லாததை இப்போது லயமே கேட்டுவிட்டது. அர்ச்சுனன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"மைக்குசெட்டுன்னு பேரு வச்சதும் நான்தான்க்கா!" அதையும் சேர்த்துக் கத்திவிட்டார், கத்துவது என்று ஆன பிறகு எதற்கு மிச்சம் வைப்பது என்றாகிவிட்டது.

பஞ்சாலை சிரிக்க ஆரம்பித்தாள். பல் இல்லாத வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"இதச் சொல்லவா இம்புட்டு வருசம்? புஸ்தகம் வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்பா. தண்டல் ராமசாமி மவன் படிச்சுக் காட்டுனான். அட, இது நம்ம கதயாச்சேன்னேன். அதுல ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. நம்பிக்க, நம்பிக்கன்னு எழுதியிருந்தியே. அது யாரு வச்ச நம்பிக்க?"

"நீங்கதான்க்கா! ஒங்க மேல ஒங்களுக்கு இருந்த..."

"போடா." வாய் தவறி வந்துவிட்டது, அவளே அதற்கும் சிரித்தாள். "என் வீட்டுக்காரன் இன்னொருத்தியோட பகாங் பக்கம் போயிட்டான். வீடு அவன் பேருல. வீட்டப் புடுங்கி வேற குடும்பத்துக்குக் குடுக்கணும்னு கிராணிக்கு அவசரம். ஏழு நா பெரட்டுக்கு வரலன்னா பேர அடிச்சுருவாங்க, பேர அடிச்சா வீட்டக் காலி பண்ணணும். அதான் என் பேர அவன் கூப்பிடல. கூப்பிடலன்னா நான் வரலன்னு ஆயிரும்ல? நான் வந்து நின்னதுக்கு நாப்பது பேரு சாச்சி வேணும். அதுக்குத்தான் கத்துனேன். என் கொரலக் கேட்டுட்டாருன்னா தண்டல் தனிச் சீட்டுல எழுதி வேலைக்கு அனுப்பிருவாரு. நல்ல மனுசன். இவன் கையில நாலு மாசப் புள்ள." தே ஓ கொண்டுவந்த தர்மராஜைக் காட்டினாள். "பயத்துல ஒடம்பெல்லாம் நடுங்கும். தெனமும் நடுங்கும். நீதான் பின்னாடியே நிப்பியே, பாக்கல?"

பார்த்தார். நன்றாகப் பார்த்தார். அந்தத் தோள் நடுங்கியதை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துதான், நம்பிக்கை பிறக்கிற நடுக்கம் என்று பின்னாளில் எழுதினார். வீடு போய்விடுமோ என்ற பயத்தை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டு, அதையே ஊர் ஊராக எண்ணெய்ப் பாட்டிலோடு கொடுத்திருக்கிறார். கிராணி எதற்காக அவள் பெயரை விடுகிறான் என்று அந்த ஒரு வருடத்தில் ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை, சிரிக்கத்தான் தோன்றியது.

"எத்தன நாளைக்கு அப்படி?" திலகாதான் கத்திக் கேட்டாள்.

"ஏழு வருசம். அதுக்குள்ள ஒன் அப்பன் எண்ணெய்க்காரன் ஆயிட்டான். அப்பறம்தான் அந்தப் புஸ்தகம் வந்துச்சு." பஞ்சாலை அர்ச்சுனன் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு யாரும் சொல்லலையா? நீதான் இந்தப் பக்கமே வரலையே. ஆள வச்சுல்ல வேனு அனுப்புன. எளவட்டப் பயலுவ எல்லாம் ஒன் புஸ்தகத்தப் படிச்சுட்டு, ஒரு நா காலையில கிராணி வாயத் தொறக்கும் முன்னயே ஆளாளுக்குத் தன் பேரக் கத்துறான். இருபது பேரு, முப்பது பேரு. இருக்கேன், இருக்கேன்னு. சண்டன்னு நெனச்சு வெள்ளக்காரத் துரை பங்களாவுலேருந்து சட்டப் பித்தான்கூடப் போடாம எறங்கி வந்துட்டான். அப்பதான் தண்டல் என்னயக் காட்டிச் சொன்னாரு, இந்தப் பொம்பள ஏழு வருசமாக் கத்துது, இது பேர இன்னும் கூப்பிடலன்னு. மறுநா பெரட்டுல மொதப் பேரே என் பேரு. கிராணி வாயால 'பஞ்சாலை'."

டிவியில் இப்போது வேறு யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

"அன்னிக்குன்னு பாத்து எனக்குக் கொரலு வரலப்பா. ஏழு வருசம் கத்துன தொண்ட. கைய மட்டும் தூக்குனேன். இந்த வீடு அப்பறம் என் பேருக்கு ஆச்சு. இவன் இங்கதான் வளந்தான். நீ என்னமோ திருடிட்டேன் திருடிட்டேன்னு கத்துற. வருசா வருசம் நீ அனுப்புற எண்ணெயில மொத வெளக்கு யாரு ஏத்துறான்னு நெனச்ச? நான்தான். யாரு பேருக்கு அர்ச்சனன்னு பூசாரி கேப்பாரு. எண்ணெய்க்காரத் தம்பி பேருக்கு மொதல்லன்னு சொல்லுவேன். கேட்டுப் பாரு."

"ஆமாங்கய்யா" என்றார் தர்மராஜ். "எங்க பேரெல்லாம் அப்பறம்தான்."

மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் நன்றி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அர்ச்சுனனுக்கு அன்றுதான் தெரிந்தது. அழுகை வந்தது. மறைக்கவில்லை. மடித்த கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு தாளைப் பிரித்து அந்தக் கடைசி வரியை விரலால் காட்டி, மறுபடி அச்சடிக்கப் போகிறார்கள், இந்த வரியை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போடப்போகிறேன் என்று கத்தினார்.

பஞ்சாலை தாளைப் பார்த்தாள். எழுத்துத் தெரியாது, ஆனாலும் வெகு நேரம் பார்த்தாள்.

"போடு. வேணான்னு சொல்ல மாட்டேன். ஆனா நம்பிக்கையில கூப்பிட்டேன்னு போடாத. பயந்துகிட்டேதான் கூப்பிட்டேன்னு போடு. இல்லாட்டிப் படிக்கிற பொம்பளப் புள்ளைங்க, நமக்கு மட்டும்தான் இப்படி நடுங்குதுன்னு நெனச்சுக்கும்."

புனிதனுக்கு அங்கிருந்தே போன் போட்டார்கள். திலகா போனை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்பா, பாட்டில் எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. அடுத்த மாசம் கேம்ப்ல முந்நூறு பேரு. பயத்த வச்சு நான் எப்படிப்பா கேம்ப் நடத்துறது? யாரு வருவா?"

"தம்பி, ஒண்ணு கேக்குறேன்" என்றாள் திலகா. "சின்னப் புள்ளையில அப்பா நம்ம ரெண்டு பேரையும் நிக்க வச்சுக் கத்தச் சொல்வாரு. நான் ஒரு நாளாவது நடுங்காம கத்துனது இல்லலா. நீ?"

ஆலையில் பாட்டில்கள் நகரும் சத்தம் மட்டும் போனில் கேட்டது.

"நானும்தான்" என்றான் புனிதன். "சரி, எழுதி அனுப்புங்க. பிரிண்டர்கிட்டப் பேசிப் பாக்குறேன். ப்ராமிஸ் பண்ண முடியாதுப்பா."

கிளம்பும்போது பஞ்சாலையும் எழுந்துகொண்டாள். தர்மராஜ் கையைப் பிடிக்க வந்தார், அவள் தட்டிவிட்டாள். கோயிலுக்குப் பக்கத்துத் திடல் வரைக்கும் வருவதாகச் சொன்னாள். பழைய பெரட்டுத் திடல். இப்போது அதில் பாதியில் சிமெண்டு போட்டு மோட்டார்கள் நிறுத்தியிருந்தார்கள், மீதியில் புல். கிராணி ஏறி நிற்கும் கல் மேடை மட்டும் மூலை உடைந்து அப்படியே கிடந்தது.

"நீ ஒரு நாளாவது என் பேரக் கூப்பிட்டிருக்கியா?" என்று கேட்டாள் பஞ்சாலை.

அர்ச்சுனன் யோசித்தார். அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அவள் முதுகுக்குப் பின்னால் நின்றபோது, அந்தக் கேலிப் பெயர். மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை; கிராணிக்கு மட்டும்தான் அந்த உரிமை இருந்தது. இல்லை என்று தலையாட்டினார்.

"அங்க ஏறிக் கூப்பிடு. எனக்குக் கேக்குற மாதிரி."

மேடை ஒரு முழ உயரம்தான். திலகா பிடித்துக்கொள்ள, முட்டியைத் தாங்கித் தாங்கி ஏறினார். பஞ்சாலை புல்லில் நடந்து போய், மூன்று நான்கு இடம் பார்த்து, திருப்தியான ஓர் இடத்தில் நின்றாள். முதுகை நேராக்கிக்கொண்டாள். வேலை முடிந்து மோட்டாரில் வந்த பங்களாதேஷ் ஆட்கள் என்னவோ ஏதோவென்று எஞ்சினை நிறுத்தினார்கள்.

"பஞ்சாலை" என்றார் அர்ச்சுனன். அவள் அசையவில்லை. கேட்கவில்லை.

"பஞ்சாலை!"

இன்னும் கேட்கவில்லை. அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். சைக்கிளில் எண்ணெய் விற்ற காலத்துக் குரல் அடிவயிற்றில் எங்கோ கிடந்தது. அதை எடுத்தார்.

"பஞ்சாலை!"

"இருக்கேன்!"

செம்பனைகளுக்குள்ளிருந்து பறவைகள் எழும்பிப் போயின. அத்தனை சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று திலகா நினைத்திருக்கவில்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று அர்ச்சுனன் மேடையிலிருந்து இறங்க ஒரு காலை எடுத்தார். பஞ்சாலை வரிசையை விட்டு நகரவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரட்டு இன்னும் முடியவில்லை. ஒரு பெயர் பாக்கி இருந்தது.

"அர்ச்சுனன்!" என்று கூப்பிட்டாள்.

விடியலில் எழுந்து தன் பெயரைத் தானே கூப்பிட்டுத் தானே பதில் சொல்லி அறுபது வருடம் ஓட்டியவர் அவர். பதில் தெரியாமல் இல்லை. வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மறுபடி திறந்தார். உடம்பு நடுங்கியது. மோட்டார்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், திலகா பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தப் பக்கம் பஞ்சாலை காதருகே கையைக் குவித்துக் காத்துக்கொண்டிருந்தாள். உடைந்த மேடையின் மேல் நின்றபடி, சுருட்டிப் பிடித்த மூன்றாம் அத்தியாயத்தோடு சேர்த்து, அர்ச்சுனன் கையை மேலே தூக்கினார்.